துணி கட்டிய வெப்பமானி

கண்ணு, தளி பக்கமோ தேன்கனிக்கோட்டை பக்கமோ உன் சொந்தக்காரர் யாராவது பட்டுப்புழு வளர்க்கிறார்களா? அடுத்த முறை அங்கே போனால், அவர்களுடைய வளர்ப்பு மனைக்குள் ஒரு நிமிடம் எட்டிப் பார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, கை கால் கழுவிக்கொண்டு போ. புழுக்களுக்கு நோய் தொற்றிவிடக் கூடாது என்று அந்த விஷயத்தில் எல்லாரும் கண்டிப்பாக இருப்பார்கள்.

உள்ளே பல மனைகளில் சுவரில் ஒரு சிறிய பலகை தொங்கும். அதில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும். மற்றதன் குமிழில் மெல்லிய வெள்ளைத் துணி சுற்றியிருக்கும். அந்தத் துணியின் வால் கீழே ஒரு சின்னக் குப்பிக்குள் இறங்கித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும்.

ஒரே அறை. ஒரே காற்று. அப்படியிருக்க எதற்கு இரண்டு வெப்பமானிகள்? அதிலும் ஒன்றுக்கு மட்டும் ஏன் ஈரத்துணி?

இந்தக் கேள்வி உனக்கு இப்போதே எழுந்துவிட்டதா? அப்படியென்றால் நீ கெட்டிக்காரப் பிள்ளை. பலகையைப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். "ஏன்?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பதிலுக்குப் போவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் எப்போதும் தண்ணீர் இருக்கிறது. சொட்டாக இல்லை, ஆவியாக. நீராவிக்கு நிறம் இல்லை, மணம் இல்லை. கொதிக்கும் இட்லிப் பானையின் மேலே வெள்ளையாகப் புகைபோல வருகிறதே, அது ஆவி இல்லை. ஆவி குளிர்ந்து மறுபடி நுண்துளிகளாக மாறிய பிறகுதான் அது வெள்ளையாகத் தெரிகிறது. உண்மையான நீராவி கண்ணுக்கே தெரியாது.

எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறாய்? உன் வகுப்பறை 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள். வெப்பம் 30 டிகிரி. நடுத்தரமான ஈரம் உள்ள நாள். அந்த அறைக் காற்றில் உள்ள ஆவி முழுவதையும் தண்ணீராக்கினால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தேறும். நீயும் உன் பக்கத்து இருக்கை நண்பனும் கொண்டுவரும் இரண்டு தண்ணீர் பாட்டில்கள் நிறைந்துவிடும்!

கண்ணுக்குத் தெரியாத அந்தத் தண்ணீரை எப்படி அளப்பது? பிடித்து எடை போட வழி உண்டுதான். ஆனால் அது ஆய்வுக்கூட வேலை, நேரம் பிடிக்கும். தினமும் அளப்பவர்கள் செய்வது வேறு. ஆவியை விட்டுவிட்டு, ஆவி செய்கிற வேலை ஒன்றை அளக்கிறார்கள். நான் சொல்லப்போகும் ஒவ்வொரு கருவியிலும் இந்தத் தந்திரம்தான் ஒளிந்திருக்கிறது. "இது ஆவியின் எந்த வேலையை அளக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே படி.

முதலில் தெவிட்டு நிலை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். கொஞ்சம் நிதானமாகப் படி.

பள்ளிக்கூடத்தில் இடைவேளை மணி அடிக்கிறது. வகுப்பறைக் கதவு வழியாகப் பிள்ளைகள் வெளியே பாய்கிறார்கள். முதலில் போகிறவர்கள் மட்டும்தான். உள்ளே வருபவர் யாரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் சிலர் திரும்பி வர ஆரம்பிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியே போகிறார்களோ அத்தனை பேர் உள்ளே வருகிறார்கள். கதவில் நெரிசல் ஓயவில்லை. ஆனால் மைதானத்தில் இருக்கும் தலைகளை எண்ணினால் எண்ணிக்கை மாறவே இல்லை.

மூடிய பாட்டிலில் பாதி தண்ணீர் இருந்தால் அதற்குள்ளும் இதுதான் நடக்கிறது. தண்ணீரின் மூலக்கூறுகள் மேற்பரப்பிலிருந்து தாவி வெளியே போகின்றன. போனவற்றில் சில திரும்பி வந்து விழுகின்றன. போவதும் வருவதும் சமமாகும்போது மேலே உள்ள இடத்தில் ஆவியின் அளவு நின்றுவிடுகிறது. அதுதான் தெவிட்டு நிலை.

சூடு ஏறினால்? மூலக்கூறுகளுக்கு வேகம் கூடுகிறது. வெளியே தாவுபவை அதிகமாகின்றன. ஆகவே சமநிலை வரும்போது மைதானத்தில் கூட்டமும் அதிகமாக இருக்கும். எவ்வளவு அதிகம் தெரியுமா? 20 டிகிரியில் ஒரு கனமீட்டர் இடத்தில் சுமார் 17 கிராம் ஆவி இருந்தால் தெவிட்டிவிடும். 30 டிகிரியில் சுமார் 30 கிராம் வேண்டும். 40 டிகிரியில் 51 கிராம். பத்துப் பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரட்டிப்பை நெருங்குகிறது, பார்த்தாயா?

"சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும்" என்று நீ படித்திருக்கலாம். பேச்சுக்கு அப்படிச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் இதில் காற்றுக்குப் பெரிய பங்கு இல்லை. பாட்டிலுக்குள் இருந்த காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டாலும் ஆவி ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் நிறையும். அளவை முடிவு செய்வது வெப்பம். இதைப் பெரியவர்களே பல பேர் கவனிப்பதில்லை. நீ கவனித்து வைத்துக்கொள்.

இப்போது ஒப்பு ஈரப்பதம் என்பது சுலபம். இருக்கிற ஆவி, அந்த வெப்பத்தில் தெவிட்டத் தேவையான ஆவியில் எத்தனை சதவீதம்? அவ்வளவுதான்.

ஓசூரில் ஒரு ஜனவரி மாதக் காலை. வெப்பம் 15 டிகிரி. ஒப்பு ஈரப்பதம் 90 சதவீதம். 15 டிகிரியில் தெவிட்டு அளவு கனமீட்டருக்கு ஏறத்தாழ 12.8 கிராம். அதில் 90 சதவீதம் என்றால் பதினொன்றரை கிராம். பிற்பகலில் வெயில் ஏறி 27 டிகிரி ஆகிறது. ஆவி கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்று வைத்துக்கொள். ஆனால் 27 டிகிரியின் தெவிட்டு அளவு 25.8 கிராம். இப்போது ஒப்பு ஈரப்பதம் எவ்வளவு? நீயே வகுத்துப் பார். நான் காத்திருக்கிறேன்.

45 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்ததா? சபாஷ்! காற்றிலிருந்து தண்ணீர் எங்கேயும் போகவில்லை. ஆனாலும் 90 என்ற எண் 45 ஆகிவிட்டது. அதனால்தான் வெப்பத்தைச் சொல்லாமல் ஈரப்பதத்தை மட்டும் யாராவது சொன்னால் அது பாதிச் செய்தி. செய்தியில் "ஈரப்பதம் 80 சதவீதம்" என்று கேட்டால், "எத்தனை டிகிரியில்?" என்று உடனே கேள்.

சரி, ஈரத்துணிக்கு வருவோம்.

குளித்துவிட்டுத் துவட்டாமல் மின்விசிறிக்குக் கீழே நின்றால் உடம்பு சில்லென்று ஆகிறது அல்லவா? தண்ணீர் ஆவியாக மாற வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை உன் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெப்பமானியின் குமிழில் சுற்றிய துணியிலும் அதுவே நடக்கிறது. துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகிறது, குமிழ் குளிர்கிறது, வெப்பமானி இறங்குகிறது.

எவ்வளவு இறங்கும்? அது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது. காற்று ஏற்கெனவே தெவிட்டு நிலைக்குப் பக்கத்தில் இருந்தால் துணியிலிருந்து போகும் அளவுக்கு ஆவி திரும்பியும் வரும். குளிர்ச்சி குறைவு. காற்று வறண்டிருந்தால் போவதுதான் அதிகம், வருவது சொற்பம். குளிர்ச்சி அதிகம். ஆகவே உலர்ந்த வெப்பமானிக்கும் ஈர வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசம் பெரிதாக இருந்தால் காற்று வறட்சி. வித்தியாசமே இல்லை என்றால் நூறு சதவீதம்!

புரிந்ததா? இந்தப் பத்தியை வேண்டுமானால் இன்னொரு தடவை படி. இது புரிந்தால் மீதி எல்லாம் தானாக வரும்.

இந்த முறைக்கு 1825-இல் நல்ல வடிவம் கொடுத்தவர் பெர்லினைச் சேர்ந்த எர்ன்ஸ்ட் ஃபெர்டினாண்ட் ஆகஸ்ட். இருநூறு வருடம் ஆகிவிட்டது. இன்றும் உலகம் முழுக்க வானிலை நிலையங்களில் இந்த ஈரக்குமிழ், உலர்குமிழ் ஜோடியைப் பார்க்கலாம். 1875-இல் தொடங்கிய நம் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்களில், வெள்ளை பெயின்ட் அடித்த மரப்பெட்டி ஒன்று நான்கு கால்களில் நிற்கும். பக்கங்களில் சாய்வான மரச்சட்டங்கள். வெயில் உள்ளே நுழையாது. காற்று தாராளமாக நுழையும். அதன் பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. ஸ்காட்லாந்தில் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன் வடிவமைத்தது. 'புதையல் தீவு' எழுதினாரே ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், அவருடைய அப்பாதான் இவர்!

நம் ஊர்களில் அந்தப் பெட்டியின் கதவு வடக்கே பார்த்திருக்கும். கதவைத் திறந்து அளவு எடுக்கும்போது வெயில் குமிழ்கள்மேல் விழக் கூடாது என்பதற்காக அப்படி. எவ்வளவு கவனம், பார்!

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்த இரண்டு வெப்பமானிகளுக்குப் பட்டு விவசாயிகள் அவ்வளவு மரியாதை கொடுக்கக் காரணம் இருக்கிறது.

பட்டுப்புழு தண்ணீர் குடிக்காது. அதற்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் மல்பெரி இலையிலிருந்துதான் கிடைக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளியே வரும் புழு எறும்பை விடச் சின்னதாக, கறுப்பாக இருக்கும். நாலு வாரத்துக்குள் அதன் எடை ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு கூடிவிடும். அதற்குள் நான்கு முறை தோலுரிக்கும். இவ்வளவு வேகமாக வளர்கிற உயிருக்கு இலை வாடிப்போனால் எப்படி இருக்கும்?

அதனால் இளம்புழுக்கள் இருக்கும் இடத்தில் 27 டிகிரி வெப்பமும் 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதமும் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பொடியாக நறுக்கிய இலை அப்போதுதான் வெகுநேரம் பசுமையாக இருக்கும். வறட்சி கூடினால் நனைத்த சாக்கைத் தொங்கவிடுவார்கள். தட்டுகளில் ஈர நுரைப்பஞ்சைச் சுற்றி வைப்பார்கள்.

ஆனால் புழு வளர வளர கதை தலைகீழாகிறது. முதிர்ந்த புழுக்களுக்கு 65 முதல் 70 சதவீதம் போதும். அதற்கு மேல் போனால் ஆபத்து. ஈரம் மிகுந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சுண்ணாம்புக்கட்டி நோய் என்று ஒன்று உண்டு. அது தாக்கிய புழு செத்து, விறைத்து, சுண்ணாம்புக் கட்டியைப் போல வெளுத்துவிடும். ஒரு மாத உழைப்பு சில நாளில் வீணாகிவிடும். எனவே ஜன்னல்களைத் திறப்பார்கள். படுக்கைமேல் சுண்ணாம்புத் தூள் தூவி ஈரத்தை உறிஞ்ச வைப்பார்கள்.

கூடு கட்டும் நேரத்தில் இன்னும் உலர்ந்த காற்று வேண்டும். புழு வாயிலிருந்து விடும் இழை ஈரமாகத்தான் வரும். அது சட்டென்று காய வேண்டும். காயாமல் ஒன்றோடொன்று அழுத்தமாக ஒட்டிக்கொண்டால், பிறகு நூல் இழுக்கும்போது இழை அறுந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட கூட்டுக்கு ராமநகரம் சந்தைக்கே கொண்டுபோனாலும் நல்ல விலை கிடைக்காது. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில் இருக்கிறதே, பட்டுக்கூட்டுக்குப் பேர் போன அந்த ராமநகரத்தைத்தான் சொல்கிறேன்.

பார்த்தாயா கண்ணு? ஒரே மனையில், ஒரே மாதத்தில், இளம்புழுவுக்கு ஓர் ஈரப்பதம், முதிர்புழுவுக்கு ஒன்று, கூட்டுக்கு ஒன்று. அந்த விவசாயி தினமும் இரண்டு எண்களைப் படித்து, கழித்து, அட்டவணையில் தேடி, அதற்குத் தக்கபடி ஜன்னலைத் திறக்கிறார் அல்லது சாக்கை நனைக்கிறார். அவரை நான் விஞ்ஞானி என்றே சொல்வேன்.

ஓசூரைச் சுற்றியுள்ள ரோஜாப் பசுமைக்குடில்களிலும் இந்தக் கவலை உண்டு. அங்கே இரவில் இலைமேல் ஈரம் தங்கினால் மொட்டு அழுகும். தொழிற்சாலைகளில் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கும் அறையிலும் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். மின்னணுப் பொருள்கள் பூட்டும் இடத்தில் காற்று மிகவும் வறண்டுவிட்டால் நிலைமின்சாரம் சேர்ந்து நுண்ணிய பாகங்கள் கெட்டுப்போகும். சிப்காட் தொழிற்பேட்டையில் உன் அப்பாவோ அம்மாவோ வேலை பார்த்தால் இதைப் பற்றிக் கேட்டுப் பார்.

ஈரக்குமிழைச் சரியாக வேலை வாங்குவது லேசான காரியம் இல்லை. முதல் எதிரி நம் போர்வெல் தண்ணீர். நம் பக்கத்தில் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். துணியில் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. சில நாளில் துணி விறைத்து, தொட்டால் சொரசொரவென்று ஆகிவிடும். அப்புறம் தண்ணீர் சரியாக மேலே ஏறாது. ஈரக்குமிழ் போதுமான அளவு குளிராது. வித்தியாசம் குறைவாகத் தெரியும். காற்று உண்மையில் இருப்பதைவிட ஈரமாக இருப்பதாகக் கருவி சொல்லிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, துணியை அடிக்கடி மாற்றினால்தான் அளவு சரியாக வரும்.

இரண்டாவது எதிரி அசையாத காற்று. துணியைச் சுற்றி வெளிவந்த ஆவி அங்கேயே தேங்கிவிட்டால் மேற்கொண்டு ஆவியாவது குறையும். மறுபடியும் ஈரம் அதிகமாகக் காட்டும். இதற்காக 1880-களில் ஜெர்மனியின் ரிச்சர்ட் அஸ்மான், சாவி கொடுத்தால் ஓடும் சின்ன விசிறியைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டார். கைப்பிடியில் மாட்டித் தலைக்கு மேல் சுழற்றும் வகையும் உண்டு. நீ ஒரு பனையோலை விசிறியால் சில நிமிடங்கள் விசிறிவிட்டுப் படித்தாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை எதிரி என்று சொல்ல மாட்டேன். நம் ஊரின் உயரம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 900 மீட்டரில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடக் குறைவு. தண்ணீர்கூட நூறு டிகிரிக்கு முன்பே, 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். இதனால் ஈரக்குமிழின் கணக்கும் கொஞ்சம் மாறுகிறது. உலர்குமிழ் 30, ஈரக்குமிழ் 20 என்று வந்தால், கடலோரச் சென்னையில் அது ஏறத்தாழ 39 சதவீதம். அதே எண்கள் ஓசூரில் 41 சதவீதம். சின்ன வித்தியாசம்தான். ஆனால் கவனமாக அளப்பவர்கள் உயரத்துக்கு ஏற்ற அட்டவணையைத்தான் எடுப்பார்கள்.

துணி இல்லாமலும் அளக்கலாமா? தாராளமாக! ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து மேஜைமேல் வை. கொஞ்ச நேரத்தில் அதன் தோல் முழுக்க நீர் முத்துக்கள். அந்தத் தண்ணீர் பழத்துக்குள்ளிருந்து வரவில்லை. பழத்தை ஒட்டியுள்ள காற்று குளிர்ந்து, தெவிட்டு நிலையைத் தாண்டி, மிச்ச ஆவியைத் தண்ணீராக விட்டுவிட்டது. எந்த வெப்பத்தில் இப்படித் துளிர்க்க ஆரம்பிக்கிறதோ அதுதான் பனிப்புள்ளி.

இதை வைத்து அளக்கும் கருவியை 1820-இல் இங்கிலாந்தில் ஜான் ஃபிரெடெரிக் டேனியல் செய்தார். இன்றைய துல்லியமான கருவிகளில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதை மின்சாரத்தால் மெல்ல மெல்லக் குளிர்விப்பார்கள். கண்ணாடியில் ஓர் ஒளிக்கற்றை பட்டுத் திரும்பிக்கொண்டிருக்கும். பனி படர்ந்த கணத்தில் ஒளி சிதறும். கருவி உடனே கண்ணாடியின் வெப்பத்தைக் குறித்துக்கொள்ளும். மற்ற ஈரமானிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிக்க இதைத்தான் நம்புகிறார்கள்.

இதை நீ ஒரு ஸ்டீல் டம்ளரில் செய்யலாம். டம்ளரில் பாதி தண்ணீர் ஊற்று. சின்னச் சின்ன ஐஸ் துண்டாகப் போட்டு, மெதுவாகக் கலக்கு. உள்ளே ஒரு வெப்பமானி வை. வெளிப்பக்கம் மங்கத் தொடங்கும் நொடியில் வெப்பத்தைப் படி. அறை வெப்பம் 27 டிகிரியாக இருந்து, டம்ளர் 17 டிகிரியில் மங்கினால், உன் அறையின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 54 சதவீதம். டம்ளரின்மேல் மூச்சு விட்டுவிடாதே! உன் மூச்சில் நிறைய ஆவி இருக்கிறது. கணக்கைக் கெடுத்துவிடும்.

பனிப்புள்ளி விமான ஓட்டிகளுக்கு ரொம்ப முக்கியம். பெங்களூரு தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து வெளிவரும் வானிலை அறிக்கையில் வெப்பமும் பனிப்புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். குளிர்காலப் பின்னிரவில் இரண்டும் நெருங்கி நெருங்கி வந்தால் மூடுபனி வரக்கூடும் என்று அர்த்தம். அதே மூடுபனிதான் விடியற்காலையில் ஓசூர் நெடுஞ்சாலையில் லாரிகளை விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போக வைக்கிறது.

இன்னொரு கருவி கேட்டால் சிரிப்பாய். தலைமுடி! ஜெனீவாவைச் சேர்ந்த ஹொராஸ் பெனெடிக்ட் தெ சொஸ்யூர் 1783-இல் மனித முடியால் செய்த ஈரமானியைப் பற்றி எழுதினார். எண்ணெய்ப் பசை போகக் கழுவிய முடி, ஈரத்தில் நீளும், வறட்சியில் சுருங்கும். மிகவும் வறண்ட நிலையிலிருந்து தெவிட்டு நிலை வரை போனால் ஏறத்தாழ இரண்டரை சதவீதம் நீளும். 20 சென்டிமீட்டர் முடி என்றால் அரை சென்டிமீட்டர். அந்த அசைவை நெம்புகோலால் பெரிதாக்கி ஒரு பேனாவில் இணைத்துவிட்டால், சுழலும் உருளையில் ஒட்டிய தாளில் பேனா நாள் முழுக்கக் கோடு போடும். மழைக்காலத்தில் உன் அக்காவின் தலைமுடி சொன்ன பேச்சைக் கேட்காமல் புஸ்ஸென்று நிற்பதும் இந்தக் குணத்தால்தான்.

இப்போது பட்டு மனைகளிலும் பசுமைக்குடில்களிலும் எண்களாகக் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி வந்துவிட்டது. அதற்குள் முடியும் இல்லை, துணியும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் போன்ற பாலிமர் படலம் ஒன்று இரண்டு உலோகப் படலங்களுக்கு நடுவே இருக்கும். காற்றில் ஆவி கூடினால் படலத்துக்குள் நீர் மூலக்கூறுகள் நுழையும். உடனே அது மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் திறன் மாறும். அந்த மாற்றத்தைக் கருவி சதவீதமாக்கிக் காட்டுகிறது. 1973-இல் ஃபின்லாந்தின் வைசாலா நிறுவனம் இந்த வகையைக் கொண்டுவந்தது.

தரையில் அளந்தால் போதுமா? போதாது. மழை மேகம் மேலேதானே உருவாகிறது? 1749-லேயே ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் வில்சன் என்பவர் பட்டங்களில் வெப்பமானிகளைக் கட்டி மேலே அனுப்பிப் பார்த்தார். பட்டம் விடுவது எவ்வளவு பெரிய அறிவியல் வேலை, பார்! இப்போது அந்த வேலையைப் பலூன் செய்கிறது. சென்னை மீனம்பாக்கத்திலும் பெங்களூரிலும் அப்படிப் பலூன் விடுகிறார்கள். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அளப்பது வழக்கம். நம் கடிகாரத்தில் அது காலை 5.30, மாலை 5.30. பலூனுக்குக் கீழே தொங்கும் சின்னப் பெட்டியில் அந்தப் பாலிமர் படலம் இருக்கும். மேலே போகப் போக வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் மூன்றையும் வானொலி அலையில் கீழே சொல்லிக்கொண்டே போகும். பல கிலோமீட்டர் உயரத்தில் பலூன் ஊதிப் பெருத்து வெடித்துவிடும். 2013-இல் ஏவிய இன்சாட்-3டி செயற்கைக்கோள், விண்ணிலிருந்தே அகச்சிவப்புக் கதிர்களைப் பார்த்து எந்த உயரத்தில் எவ்வளவு ஈரம் என்று கணக்கிட உதவியது.

நீ வீட்டிலேயே ஈரமானி செய்ய ஆசைப்படுகிறாய், எனக்குத் தெரியும். சிவப்பு அல்லது நீலத் திரவம் உள்ள இரண்டு வெப்பமானிகள் போதும். பாதரசம் வேண்டாம், உடைந்தால் நஞ்சு. முதலில் இரண்டையும் ஒரே தண்ணீரில் வைத்து, ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார். அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் அதை எழுதி வைத்து, பிறகு கழித்துக்கொள். அப்பாவின் பழைய பருத்தி வேட்டியில் ஒரு துண்டு கேள். கஞ்சிப் பசை போக நன்றாகத் துவைத்து, ஒரே ஒரு சுற்றுதான் சுற்ற வேண்டும். பக்கத்தில் சின்ன மூடியில் காய்ச்சி வடித்த தண்ணீர். வெயில் படாத, காற்றோட்டமான திண்ணையில் மாட்டு. விசிறு. ஈரக்குமிழ் இதற்கு மேல் இறங்காது என்று நின்ற பிறகு படி.

ஓசூர் உயரத்துக்கு, உலர்குமிழ் 30 டிகிரியில் இருக்கும்போது ஏறத்தாழ இப்படி வரும்: வித்தியாசம் 2 என்றால் 86 சதவீதம், 4 என்றால் 74, 6 என்றால் 62, 8 என்றால் 51, 10 என்றால் 41. உலர்குமிழ் வேறு எண்ணில் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. 20 டிகிரியில் அதே 4 டிகிரி வித்தியாசம் 67 சதவீதத்தைத்தான் குறிக்கும். கிருஷ்ணகிரி ஓசூரைவிடப் பல நூறு மீட்டர் கீழே இருப்பதால் அங்கே அளப்பவர்களுக்கு எண் சற்றே குறையும்.

காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் அளந்து எழுது; வானிலைத் துறையின் நிலையங்களிலும் அதே நேரங்களில்தான் அளவு எடுப்பார்கள். நோட்டில் மூன்று கட்டம் போதும்: உலர்குமிழ், ஈரக்குமிழ், வித்தியாசம். ஐப்பசி மழையில் வித்தியாசம் ஒன்று, இரண்டு என்று சுருங்கிக் கிடக்கும். மார்ச் மாத மாலையில் அது பத்தைத் தாண்டும் முதல் நாளைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வை.